கூலன்ட் குறைவது எப்போது?

கார் வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து, கூலன்ட் டப்பாவில் கொஞ்சம் ஊற்றி மூடிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். வெயிலுக்குக் குறையத்தானே செய்யும் என்பது அவர்கள் கணக்கு. சில பட்டறைகளிலும் இதே பதில்தான் கிடைக்கிறது. கணக்கு தவறு. என்ஜினைக் குளிர்விக்கும் திரவம் ஓடுவது ஒரு மூடிய சுற்றில். ரப்பர் குழாய்களின் ஊடாகவும் ரிசர்வ் டேங்கின் மூடி வழியாகவும் துளித்துளியாகப் போவது உண்டுதான்; நல்ல நிலையிலுள்ள வண்டியில் அது ஓராண்டு முழுவதும் சேர்ந்தாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் கேட்கும் வண்டியில் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது.

அந்த வழியைத் தேடுவதற்குப் பழகிப்போன முறை, பாகங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே போவது. ரேடியேட்டர், ஹோஸ், வாட்டர் பம்ப், ஹீட்டர், ஹெட் கேஸ்கெட் என்று பட்டியல் நீளமானது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் கடைசியில் கசிவு நிற்கும். அதற்குள் வண்டிக்காரரின் பையும் காலியாகியிருக்கும். எங்கே ஒழுகுகிறது என்று தேடும் முன் எப்போது குறைகிறது என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. இரவு நிற்கும்போதா, ஓடும்போதா, ஓடி நிறுத்திய பத்து நிமிடத்திலா, மலை ஏறும்போதா? இதற்கு விடை தெரிந்தால் சந்தேகப் பட்டியலில் பாதிக்கு மேல் அடிபட்டுப் போகும்.

இந்த வேறுபாடு எதனால் வருகிறது என்று புரிந்துகொள்ள, ரேடியேட்டர் மூடியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வாட்டர் பம்ப் திரவத்தை என்ஜினுக்குள் சுழற்றுகிறது. 82 முதல் 90 டிகிரி செல்சியஸ் வாக்கில் தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு உருகி வால்வைத் திறக்க, திரவம் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்புகிறது. திரவம் சூடாகும்போது விரிகிறது. மூடி அதை வெளியே விடாமல் அடக்கிவைக்கிறது. குக்கரின் வெயிட் செய்யும் வேலைதான் இது. நம் சாலைகளில் ஓடும் பல சிறிய கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பார்கள். ஏறக்குறைய அத்தனை பார் அழுத்தம் வரும்வரை மூடி திறக்காது என்று அதற்குப் பொருள். 0.9 பார் மூடியின் கீழே வெறும் தண்ணீர்கூடக் கடல் மட்டத்தில் 118 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். சரிபாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும்.

இதில் பலர் யோசிக்காத ஒரு விஷயம் உண்டு. மூடி தாங்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே கணக்கிடப்படுவது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். அதே 0.9 மூடி போட்ட வண்டியில் கொதிநிலை ஏறத்தாழ 4 டிகிரி இறங்கிவிடுகிறது. முதல் இரண்டு கியரில் நீண்ட ஏற்றம், முன்னால் ஒரு லாரி, எதிர்க்காற்று இல்லை, உள்ளே ஏசி. சமவெளியில் வாயைத் திறக்காத பழைய மூடி மலையில் கக்குவதற்கு இதெல்லாம் சேர்ந்துதான் காரணம். மூடியின் விலை சில நூறு ரூபாய். சந்தேகம் வந்தால் முதலில் மாற்ற வேண்டிய ஒரே பாகம் அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். மற்ற எதையும் சோதிக்காமல் மாற்றக் கூடாது.

இனி அந்த வேளைகளுக்கு வருவோம்.

வண்டி இரவெல்லாம் நின்று, காலையில் தரையில் ஈரம் தெரிந்தால் அது பெரும்பாலும் குளிர்ந்த நிலைக் கசிவு. ஹோஸும் அதன் கிளாம்பும் சூட்டில் விரிந்து இறுக்கிக்கொள்கின்றன; குளிர்ந்ததும் சுருங்கி வழிவிடுகின்றன. கிளாம்பை இறுக்கினாலே நிற்கக்கூடிய கசிவு இது. ஹோஸ் முனை வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். அதற்கு முன் அந்த ஈரம் கூலன்ட்தானா என்று பாருங்கள். ஏசி ஓடிய வண்டியின் கீழே, பெரும்பாலும் பயணியின் கால்மாட்டுப் பக்கம், சுத்தமான தண்ணீர் சொட்டும். அது ஏசி வேலை செய்வதற்கான அடையாளம். வெள்ளைக் காகிதத்தில் ஒற்றினால் நிறமும் வழவழப்பும் இல்லாமல் இருக்கும். கூலன்டானால் பச்சையோ சிவப்போ நீலமோ ஒட்டும். வாய்வைத்துப் பார்க்கும் மெக்கானிக்குகள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

ஓடும்போது மட்டும் கசிவது இதைவிடத் தந்திரமானது. அழுத்தம் ஏறிய பிறகுதான் விரிசல் வாய் திறக்கும். வெளியேறும் திரவம் சூடான உலோகத்தின் மீது பட்டு அங்கேயே ஆவியாகிவிடும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. மிச்சமிருப்பது வாசனையும் தடமும்: பானெட்டைத் திறந்தால் இனிப்பு கலந்த ஒரு சூட்டு வாடை, காய்ந்துபோன வெள்ளை அல்லது நிறம் ஏறிய படிவம். இக்காலத்து ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியம், இரு முனைத் தொட்டிகளும் நைலான் பிளாஸ்டிக். இரண்டும் சேரும் மடிப்பில்தான் பல வண்டிகளில் இந்தப் படிவம் முதலில் தெரியும். அம்பாசிடர் காலத்துப் பித்தளை ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்தால் ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தருவார்கள். இன்னும் பல ஆண்டு ஓடும். பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டதை எபாக்சி பசையால் அடைப்பது ஊர் போய்ச் சேர்வதற்கு மட்டும். புது ரேடியேட்டர்தான் தீர்வு.

வாட்டர் பம்பும் ஓடும்போது காட்டிக்கொடுக்கும் ரகம். அதன் சுழல்தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால், பம்பின் அடியில் அதற்கென்றே வைத்திருக்கும் சிறு துளை வழியாகத் திரவம் எட்டிப்பார்க்கும். அந்தத் துளையைச் சீல் வைத்து அடைத்த புத்திசாலிகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். அது ஒழுக்கு வெளியே தெரியட்டும் என்று தயாரிப்பாளர் திறந்து வைத்த வழி. அடைத்தால் திரவம் பேரிங்குக்குள் போகும். சில என்ஜின்களில் டைமிங் பெல்ட்தான் வாட்டர் பம்பைச் சுற்றுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிட வேண்டும், பம்ப் மாற்றும்போது பெல்ட்டையும். இரண்டுக்கும் கூலி ஒன்றே.

வண்டி ஓடி நின்ற பிறகு வழிவது மூன்றாம் வகை. என்ஜினை அணைத்ததும் பம்ப் நின்றுவிடும், ஆனால் இரும்பில் ஏறிய சூடு உடனே இறங்காது. அணைத்த சில நிமிடங்களுக்குத் திரவத்தின் வெப்பம் இன்னும் ஏறும். பலவீனமான மூடி தோற்பது அப்போதுதான். மூடியில் இன்னொரு சிறிய வால்வு இருக்கிறது. என்ஜின் குளிரும்போது ரிசர்வ் டேங்குக்குப் போன திரவத்தைத் திரும்ப இழுப்பது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் வினோதமான ஒரு காட்சி கிடைக்கும்: டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும், மேல் ஹோஸ் உறிஞ்சியது போல ஒட்டிக்கிடக்கும். டேங்கை மட்டும் பார்த்து எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ரேடியேட்டரில் தனி மூடி உள்ள வண்டியானால், ஆறிய பிறகு அதையும் திறந்து பாருங்கள்.

நம் ஊரில் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும் கசிவு ஹீட்டருடையது. டாஷ்போர்டுக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது என்பதையே சென்னையிலும் மதுரையிலும் பலர் அறிவதில்லை. ஹீட்டரைப் போட்டால்தானே தெரியும்! ஆனால் போடாவிட்டாலும் பல வண்டிகளில் கூலன்ட் அதன் வழியே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முன் இருக்கையின் காலடிக் கம்பளம் காரணமில்லாமல் ஈரமாவது, முன்கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்கப் பிசுக்குப் படிவது, ஏசியில் இனிப்பு வாடை வருவது எல்லாம் இதன் அடையாளங்கள்.

இத்தனைக்கும் தேவையான கருவி ஒன்றே. கைப்பம்பும் அளவுமானியும் சேர்ந்த அழுத்தச் சோதனைக் கருவியை, ஆறிய வண்டியில் மூடி இருக்கும் இடத்தில் பொருத்தி, மூடியில் பொறித்த அளவுவரை காற்றடித்துக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். முள் நகரவில்லையென்றால் குளிர்ந்த நிலையில் சுற்று கட்டுக்கோப்பாக இருக்கிறது. சூட்டில் மட்டும் திறக்கும் விரிசலுக்கு வண்டியை ஓட்டிச் சூடாக்கி மறுபடி பார்க்க வேண்டும். முள் இறங்கினால் டார்ச்சுடன் சுற்றி வரலாம். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை, உள்ளே கம்பளமும் காய்ந்திருக்கிறது என்றால் திரவம் என்ஜினுக்குள் போகிறது. மெல்லிய கசிவுக்குக் கூலன்டில் ஒளிரும் சாயம் கலந்து ஓரிரு நாள் ஓட்டி, புற ஊதா விளக்கில் பார்ப்பதும் உண்டு. இத்தனை எளிய சோதனையைச் செய்யாமலே ஹெட்டை இறக்கச் சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன என்பதுதான் வருத்தம்.

ஹெட் கேஸ்கெட் என்றதும் வண்டிக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். நியாயம்தான். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் பெட்ரோல் என்ஜினிலேயே 50 பாரைத் தாண்டும். டர்போ டீசலில் 150 பாரையும் எட்டும். பக்கத்திலேயே ஒரு பார் அழுத்தத்தில் கூலன்ட் ஓடுகிறது. இரண்டையும் பிரிப்பது மெல்லிய தகடு. அது விட்டுப்போனால் முதலில் பெரும்பாலும் வாயுதான் கூலன்டுக்குள் பாயும். வண்டி பளுவில் ஏறும்போது வாயு உள்ளே வந்து, மூடியைத் தூக்கி, திரவத்தை வெளியே தள்ளும். சமவெளியில் ஒன்றும் நடக்காது, வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறுவதற்குள் டேங்க் கொதிப்பதுபோல் பொங்கும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும், ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருவதும் இதே கதைதான். என்ஜினை அணைத்ததும் நிலைமை தலைகீழாகும். சிலிண்டரில் அழுத்தம் இல்லை, கூலன்டில் இருக்கிறது. இரவோடிரவாகத் துளித்துளியாக உள்ளே இறங்கும். காலையில் கிளப்பும்போது ஒரு சிலிண்டர் மட்டும் தட்டுத்தடுமாறி, வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வரும். அந்த சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் மற்றவை கறுத்திருக்க, அது மட்டும் கழுவித் துடைத்ததுபோல் இருக்கும்.

இரண்டு பொய்ச் சாட்சிகளிடம் எச்சரிக்கை வேண்டும். உதகைக் குளிரில் காலை வெள்ளைப் புகை எல்லா வண்டிக்கும் வரும். சூடானதும் நின்றுவிட்டால் அது வெறும் நீராவி. ஆயில் மூடியின் அடியில் பாலாடை போல ஒட்டியிருப்பதும், குறுந்தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்து வருவதாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் முழுதும் பால்காபி நிறத்தில் வந்தால்தான் கவலை. உறுதிசெய்ய மலிவான இரசாயனச் சோதனை இருக்கிறது. டேங்கின் வாயிலிருந்து எழும் காற்றை நீலத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாகும். டீசலில் நிறம் சற்று மந்தமாக, பச்சை சாயலில் மாறலாம்.

கேஸ்கெட்தான் என்று நிச்சயமானால், அதை மட்டும் மாற்றுவது அரை வேலை. கேஸ்கெட் தானாகச் சாவது குறைவு. எங்கோ ஒழுகி, கூலன்ட் இறங்கி, என்ஜின் கொதித்து, அலுமினிய ஹெட் வளைந்த பிறகுதான் அது விட்டுப்போகிறது. ஆகவே ஹெட்டின் அடிப்பரப்பை நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும். பல என்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு கூடாது. மீறினால் லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்ய வேண்டும், தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குள். விரிசல் சோதனையும் அங்கேயே செய்துவிடலாம். முறுக்கும்போது நீளும் வகை போல்ட்டுகளைப் புதிதாகத்தான் போட வேண்டும். டார்க் ரென்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்கும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முதலில் ஒழுகியது எது என்பதையும் கண்டுபிடித்துச் சரிசெய்யாவிட்டால், அடுத்த கோடையில் அதே ஹெட் மறுபடி இறங்கும்.

எந்தத் தடயமும் இல்லாமல் கூலன்ட் மறையும் டீசல் வண்டிகளில் இன்னொரு சந்தேகநபர் உண்டு: ஈஜிஆர் கூலர். புகைபோக்கியிலிருந்து திரும்ப வரும் வாயுவைக் கூலன்டால் குளிர்விக்கும் பெட்டி அது. உள்ளே விரிசல் விட்டால் திரவம் நேரே வாயுப் பாதைக்குப் போய்விடும். இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்று தென் கொரியா 2018-இல் கண்டது. அந்தக் கோடையில் அங்கே பிஎம்டபிள்யூ டீசல் கார்கள், குறிப்பாக 520டி, அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. ஈஜிஆர் கூலரிலிருந்து கசிந்த கூலன்டில் உள்ள கிளைக்கால், புகைக்கரியோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் கலந்து படிந்து, சூடான வாயு பட்டபோது பற்றிக்கொண்டது என்பது நிறுவனம் தந்த விளக்கம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். சோதனை முடிக்காத கார்கள் சாலையில் ஓடக் கூடாது என்று ஆகஸ்டில் அரசு தடை போட்டது. அக்டோபருக்குள் உலகம் முழுவதும் சேர்த்து 16 லட்சம் வண்டிகள் பட்டியலுக்குள் வந்தன. கோளாற்றை மறைத்ததாக அந்த ஆண்டு டிசம்பரில் கொரிய அரசு நிறுவனத்துக்கு அபராதமும் விதித்தது. கூலன்டில் பாதி தண்ணீர்தானே, அது எப்படி எரியும் என்று கேட்கலாம். தண்ணீர் ஆவியாகிப் போனபின் மிஞ்சும் எத்திலீன் கிளைக்கால் எரியும். சூடான புகைபோக்கி மீது சொட்டும் கூலன்டை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஊற்றுவது எதை என்ற கேள்வியில் நம் ஊரில் குழப்பம் அதிகம். பனியே பெய்யாத ஊரில் உறைபனித் தடுப்புத் திரவம் எதற்கு என்பார்கள். நமக்கு அதன் முதல் பயன் துருத் தடுப்பு. போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டிய என்ஜினில் சுண்ணாம்பும் உப்பும் படிந்து, அலுமினியம் அரிபட்டு, ரேடியேட்டரின் நுண்குழாய்கள் அடைபட்டுக் கிடக்கும். கசிவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வழி அது. கலக்காத கூலன்டை அப்படியே ஊற்றுவதும் தவறு. கிளைக்கால் தண்ணீரைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரோடு சரிபாதி, அல்லது கலந்தே விற்பது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது. ஜப்பானியத் தயாரிப்புகள் பாஸ்பேட் சேர்த்ததை விரும்புகின்றன. கடினநீர் மிகுந்த ஐரோப்பாவில் அதைத் தவிர்க்கிறார்கள். கையேட்டில் எழுதியிருக்கும் வகை எதுவோ அதுவே சரி. ஊற்றிய பிறகு சுற்றில் காற்று சிக்காமல் ஹீட்டரைத் திறந்து வைத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். அப்படிச் செய்தும் முதல் சில நாள் மட்டம் சற்று இறங்கினால் பதற வேண்டாம். மீந்த காற்று வெளியேறிய இடத்தைத் திரவம் நிரப்புகிறது.

கசிவை அடைக்கும் மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவது நம் லாரி ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம். கடையில் புட்டியில் விற்பதும் கொள்கையளவில் அதேதான்: ஓட்டையைத் தேடிப்போய் அடைக்கும் துகள். எல்லாம் ஏமாற்று என்று சொல்ல முடியாது; ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் நார்த்ஸ்டார் என்ஜின்களுக்கு அடைப்பு மாத்திரைகளைத் தானே பரிந்துரைத்தது. ஆனால் துகளுக்கு ஓட்டை எது, ஹீட்டரின் நுண்குழாய் எது என்று தெரியாது. நடுக்காட்டில் நின்றுவிட்ட வண்டிக்கு மஞ்சள்தூள் சரி. வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு அது வேண்டாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இதே ரகம். அதைக் கழற்றினால் சில என்ஜின்களில் திரவத்தில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி, முன்னைவிட அதிகமாகக் கொதிக்கும்.

வழியில் வெப்ப முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதும் திறந்து, ஓரங்கட்டுங்கள். சிவப்பைத் தொட்டுவிட்டால் என்ஜினை அணைத்துவிடுங்கள். ஏறிய முள் திடீரென்று இறங்கினால் நல்ல செய்தி என்று நம்ப வேண்டாம். உணரியைத் தொடும் அளவுக்குக்கூடத் திரவம் இல்லாமல் போயிருக்கலாம். அரை மணி நேரத்துக்குள் மூடியைத் திறக்கக் கூடாது. கொதித்த என்ஜினில் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ஹெட் வெடிக்கக்கூடும். நன்றாக ஆறிய பிறகு வெறும் தண்ணீர் ஊற்றிப் பட்டறை வரை போவதில் தப்பில்லை.

வேலை முடிந்ததும் வடித்த பழைய கூலன்டை என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் சாக்கடைக்குத்தான் போகிறது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். பெரியவர் ஒருவரின் உயிரை வாங்க, கலக்காதது 100 மில்லி அளவே போதும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. குழந்தைக்கும் தெரு நாய்க்கும் அதைவிட மிகக் குறைவு. அது உடலுக்குள் ஆக்சலேட் படிகமாக மாறிச் சிறுநீரகத்தை அடைத்துவிடுகிறது. மீந்த கூலன்டைப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். தரையில் சிந்தியதை மண் போட்டு ஒற்றி எடுத்துவிட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். யாராவது ஒரு மடக்கு குடித்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.